வேறு வைக்கப்பெற்ற இளந்தம்பதியருக்கு: கோழியும் வாத்தும் பற்றி ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த இளந்தம்பதிகளே,

நகரத்தார் இல்லங்களில் மகனுக்கு மணம் முடித்தபின், வீடு ஒரு தெருவிலிருந்து மறு தெருவரைக்கும் நீண்டு கிடப்பதே ஆயினும், அவனையும் அவன் மனைவியையும் அக்கூரையின்கீழேயே வேறு வைத்து, அரிசியும் பருப்பும் பாத்திரபண்டங்களும் கொடுத்து, தனி அடுப்பு மூட்டச் செய்கின்ற சம்பிரதாயம் நெடுங்காலமாக நடந்துவருவதை நீங்கள் அறிவீர்கள். ஏனைய வகுப்பாரிடத்தும் தனிக்குடித்தனம் என்ற பெயரில் அது ஒருவாறு இருந்துவந்ததே. குன்றக்குடியிலும் பிள்ளையார்பட்டியிலும் காரைக்குடியிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அவ்வாறு புதிதாக அடுப்பு மூட்டியிருக்கும் உங்கள் எல்லோரையும் ஒருசேர விளித்து இம்மடலை வரைகிறேன். கணவன்மாரும் இதில் அடக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், சமையலைப்பற்றி யார் எதை எழுதினாலும் அதை மனைவியின் கையில் கொடுத்துவிட்டுத் தாம் செய்தித்தாளை விரிக்கின்ற வழக்கம் நம் ஆண்மக்களைவிட்டு இன்னும் போனபாடில்லை.

வீட்டில் இராச்சாப்பாட்டுக்குக் கோழியையும் வாத்தையும் பக்குவம் செய்வது எப்படி என்பதே நான் எழுத எடுத்துக்கொண்ட விஷயம். இதற்கு ஒரு மடலா என்று நகைக்க வேண்டாம். பகலெல்லாம் இருவரும் வேலைக்குப் போய்த் திரும்புகின்ற இக்காலத்தில், வாரத்தில் ஓரிரவேனும் கறி சமைக்க வேண்டுமென்று உங்களுக்கு ஆசை எழுவதும், எழுந்த ஆசை மாலை ஏழு மணிக்குள் அடங்கிப்போய்க் கடைப் பார்சலில் முடிவதும், அந்தப் பார்சலே 'செட்டிநாட்டுக் கோழி' என்று உங்கள் குழந்தைகளின் நாவில் பதிந்துபோவதும் கண்முன் நடக்கின்றன. முன்காலத்தில் வேறு வைக்கப்பெற்ற பெண்ணுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவள் அடுப்புத் தனி அடுப்பே ஆனாலும், அடுத்த அறையிலேயே மாமியாரின் அடுப்பும் மூத்த ஓரகத்தியின் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன; மசாலை கருகினால் மணத்தைக் கொண்டே அறிந்து, 'தீயைத் தணி' என்று அங்கிருந்தபடியே குரல் கொடுப்பார்கள். அந்தக் குரலுக்கு ஈடாக ஒரு புத்தகமும் அன்று எழுதப்படவில்லை. தமிழில் சமையல் நூல் என்றவுடன் எல்லோரும் நினைக்கின்ற மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்தது; அது சைவச் சமையல் நூல். புலால் சமையலின் நுட்பங்கள் கைமாறிக் கைமாறியே வந்தன. கை விலகியதும் கடைக்காரன் அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டான்.

கடைக்காரனைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. மதுரை மாவட்டத்துத் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியைச் சேர்ந்தவர்கள் ஊர்தோறும் நடத்துகின்ற முனியாண்டி விலாஸ் உணவகங்களின் முதற்கடை 1930-களில் நம் காரைக்குடியிலேதான் திறக்கப்பெற்றது என்பது நமக்குப் பெருமை தருகின்ற செய்தியே. ஆனால் உணவகத்தின் அவசியம் வேறு, வீட்டின் அவசியம் வேறு. நூறு பேருக்கு, அவர்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாமலே, காலையில் காய்ச்சிய ஒரே குழம்பை நள்ளிரவு வரையில் பரிமாற வேண்டியவன், மிளகாயையும் எண்ணெயையும் தாராளமாக விடாமல் இருக்க முடியாது. எண்ணெய் மிதந்தால்தான் குழம்பு கெடாமல் நிற்கும், காரம் தூக்கலாக இருந்தால்தான் எந்தக் கறியும் ஒரே கறிபோலத் தோன்றும். இத்தகைய உணவகங்களிலிருந்து புறப்பட்ட 'செட்டிநாடு' என்ற பலகை இன்று சிங்கப்பூரிலும் இலண்டனிலும் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகளே, கண்ணில் நீர் வராத கோழி செட்டிநாட்டுக் கோழியாகாது என்று எண்ணத் தலைப்பட்டிருக்கிறார்கள். நம் பாட்டிமார் சமைத்த கோழியை உண்டு யாரும் அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கோழியைப்பற்றிப் பேசுமுன் நான் வாழும் குன்றக்குடியைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது முறையாகாது. மயில் வடிவாய் அமைந்தது என்று மயூரகிரி எனப் போற்றப்படும் குன்றின்மேல் சண்முகநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கும் ஊர் இது. அப்பெருமானின் கொடியிலே இருப்பது சேவல். மலையடிவாரத்தில் சைவ ஆதீனம் இருக்கிறது. தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925–1995) தமிழையும் சைவத்தையும் மட்டுமன்றிக் கிராமத்தின் பொருளாதாரத்தையும் சேர்த்தே வளர்க்க முயன்ற திருமடம் அது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து கோழிக்குழம்பைப்பற்றி ஒருவன் மடல் எழுதலாமா என்று கேட்பீர்களாயின், எழுதலாம் என்றே சொல்வேன். இவ்வூர்க் குடும்பங்கள் சேவற்கொடியை வணங்கியும் வந்திருக்கின்றன, கோழியைச் சமைத்தும் வந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வரம்பு கட்டுவது பஞ்சாங்கம். செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, சஷ்டி, அமாவாசை என்று அடுப்பில் புலால் ஏறாத நாட்கள் பல. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் இங்கே கூடிப் பழநிக்கு நடக்கப் புறப்படும் காலத்திலோ, விரதம் பூண்ட வீடுகளில் கறிச்சட்டி கவிழ்த்தே வைக்கப்பட்டிருக்கும். இந்த வரம்பு சமையலுக்கும் நன்மை செய்தது என்பது என் அபிப்பிராயம். நினைத்தபோதெல்லாம் கிடைக்காத பண்டத்தை யாரும் அசட்டையாகச் சமைப்பதில்லை.

இனிப் பறவைக்கு வருவோம். நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கையில் இருப்பது எந்தப் பறவை, அதற்கு வயது என்ன என்பதுதான். மசாலையைப்பற்றிய யோசனை அதற்குப் பிறகே வரவேண்டும். இன்றைக்குக் கடைகளில் தொங்கும் பிராய்லர் கோழி பெரும்பாலும் பல்லடம் வட்டாரத்துப் பண்ணைமுறையில் வளர்க்கப்பெற்று, ஐந்து அல்லது ஆறு வாரங்களில் ஏறக்குறைய இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடுவது. நம் கொல்லையில் மண்ணைச் சீய்த்துத் திரியும் சிறுவிடைக் கோழியோ, நான்கைந்து மாதம் ஓடியாடிய பிறகும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டினால் அதுவே அதிகம். முன்னதன் தசை ஓடி அறியாதது. எலும்பைச் சுற்றிய சவ்வும் மெல்லியது. பின்னதன் தசை உழைத்துச் சிவந்தது. அதன் நாரிடையே உள்ள சவ்வு ஈரச் சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் இளகிக் கூழாகிக் குழம்புக்கு வழவழப்பைத் தரும். ஆகவே நாட்டுக்கோழிக்குரிய ஒன்றரை மணி நேரத்தைப் பிராய்லருக்குக் கொடுத்தால் அது நார்நாராகப் பிரிந்துபோகும். பிராய்லருக்குரிய அரைமணியை நாட்டுக்கோழிக்குக் கொடுத்தால் பல்லுக்குத்தான் வேலை. மக்கள் 'குழம்பு சரியாக வரவில்லை' என்று நொந்துகொள்ளும்போது, பெரும்பாலும் குற்றம் மசாலையில் இருப்பதில்லை. பறவையும் நேரமும் பொருந்தாமையில் இருக்கிறது.

உயிர்க்கோழியாகச் சந்தையில் வாங்கும்போது வயதை அறிய ஓர் உபாயம் உண்டு. நெஞ்செலும்பின் பின்நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். குருத்தெலும்பாய் வளைந்து கொடுத்தால் இளசு, அசையாமல் நின்றால் முற்றல். சேவலாயின் காலில் உள்ள முள்ளின் நீளமே வயதைச் சொல்லிவிடும். முற்றல் என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். முட்டையிட்டு ஓய்ந்த கோழியைப்போல் ரசத்துக்கு உகந்தது வேறில்லை. குழம்புக்கு மட்டும் முட்டை வைக்கத் தொடங்காத விடைக்கோழியைத் தேடுங்கள்.

கோழியின் மஞ்சள் தோலைப்பற்றி ஒரு செய்தி. உலகத்துக் கோழிகளெல்லாம் தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழியிலிருந்து வந்தவை என்று நெடுநாள் கருதிவந்தனர். 2008-இல் வெளியான ஒரு மரபணு ஆராய்ச்சி, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான கூறு அந்தப் பறவையிடமிருந்து வரவில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரிகின்ற சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று காட்டியது. அமெரிக்கக் கடையில் மஞ்சள் தோலோடு விற்கும் கோழியிலும் நம் மலைப் பறவையின் இரத்தத்தில் ஒரு துளி இருக்கிறது! ஆதலால் நாட்டுக்கோழியின் தோலை உரித்தெறியும்படி கடைக்காரரிடம் சொல்லாதீர்கள். இறகு பறித்த கோழிமேல் மஞ்சளைப் பூசி, வைக்கோல் தீயிலோ, அது இல்லாவிடின் அடுப்பு நெருப்பிலோ, தோல் சற்றே இறுகி மணக்கும்படி வாட்டி, பிறகு கழுவித் துண்டுபோட்ட கறியில் ஏறும் சுவை வேறெந்த வழியாலும் ஏறுவதில்லை. மருதநிலத்து உழவர் வீட்டுக்குப் போகும் பாணர்க்கு வெண்சோற்றோடு வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழியின் வாட்டும் கிடைக்கும் என்று பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. மிளகாய் ஐரோப்பியரின் கப்பலேறி நம் கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு பாடிய பாட்டு அது.

பிராய்லரைத் தோலோடு சமைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். அதன் தோலில் கொழுப்பைத் தவிர வேறு சாரம் குறைவு. அதைக் குழாயடியில் வேகமாகப் பீச்சிக் கழுவுவதையும் விட்டுவிடுங்கள். தெறிக்கும் நீரோடு நோய்க்கிருமிகளும் மேடையெங்கும் பரவும். பாத்திரத்து நீரில் மெதுவாக அலசினால் போதும். கறி வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் அரிவதும் ஆகாது.

இப்போது குழம்பு. ஒரு கிலோ நாட்டுக்கோழிக்கு எட்டுப் பத்து வரமிளகாய், மூன்று மேசைக்கரண்டி மல்லி, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகு, சோம்பும் சீரகமும் கசகசாவும் ஒவ்வொரு தேக்கரண்டி, கால் மூடித் தேங்காய், இவ்வளவே வறுத்தரைக்க. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் கிடைத்தால் அதையே கொள்ளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாய் நிறத்தையும் மணத்தையும் தரும். வாணலியில் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டி வறுக்கும் அவசரமே பல வீடுகளில் மசாலையைக் கெடுக்கிறது. மல்லி பொரிய நேரமாகும், கசகசா கண் இமைப்பதற்குள் கருகும். மல்லியை இளந்தீயில் தனியே வறுத்து எடுத்துவிட்டு, மிளகாய், பின்னர் மிளகும் சீரகமும் சோம்பும், அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே கசகசா என்ற முறையைக் கைக்கொள்ளுங்கள். மசாலையை அன்றன்று வறுத்து அன்றன்றே அரைப்பதுதான் வீட்டுச் சமையலுக்குள்ள பெருஞ்செல்வம். உணவகத்துக்கு அது இயலாது, பொட்டலத்தில் வரும் பொடிக்கோ அது அறவே இல்லை. அம்மியில் அரைக்க நேரமில்லை என்பதை நான் அறிவேன். மிக்ஸியில் அரையுங்கள், ஆனால் நீரைச் சிறிது சிறிதாக விட்டு, ஜார் சூடேறாமல் இடையிடையே நிறுத்தி அரையுங்கள்.

தாளிப்பில் நல்லெண்ணெய் காய்ந்தவுடன் விரல்கணு அளவு பட்டை, மூன்று கிராம்பு, இரண்டு ஏலம், ஓர் அன்னாசிப்பூ, ஒரு மராட்டி மொக்கு, இரு சிட்டிகை கல்பாசி. கல்பாசியைப்பற்றி எச்சரிக்கையாக இருங்கள். மலைப்பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கின்ற அந்தக் கருஞ்சாம்பல் பொருள் உலர்ந்த நிலையில் முகர்ந்தால் ஒன்றும் சொல்லாது. சூடான எண்ணெயில் விழுந்தவுடன்தான் தன் மணத்தை விடும். மணமில்லையே என்று கைநிறைய அள்ளிப் போட்டவர் வீட்டுக் குழம்பு கசந்து நிற்கும். பிறகு உரித்த சின்ன வெங்காயம் இருநூறு கிராமுக்குக் குறையாமல், பூண்டு ஒரு முழுத் தலை, கறிவேப்பிலை. இவை வதங்கியபின் இரண்டே தக்காளி. தக்காளியைக் கூட்டிக் கூட்டிக் குழம்பைச் சிவக்கச் செய்வது இக்காலத்துப் பழக்கம். அதன் புளிப்பு நாட்டுக்கோழியின் இயற்கையான இனிமையை அமுக்கிவிடும். கறியை மஞ்சளும் உப்பும் இட்டு இந்த வதக்கலிலேயே புரட்டி, அது தன் நீரை விட்டு மீண்டும் வற்றும்வரையில் பொறுத்து, அதன் பின்னரே நீர் ஊற்றி மூடுங்கள். மிளகாய், மல்லி அரைப்பை வேகும்போதும், தேங்காய் கசகசா அரைப்பைக் கறி முக்கால் பதம் வெந்தபிறகும் சேர்க்க வேண்டும். தேங்காய் நெடுநேரம் கொதித்தால் திரிந்து எண்ணெய் கக்கும். இந்த ஒரு வரிசையை மாற்றாமல் பின்பற்றினால், மற்ற அளவுகளை உங்கள் வீட்டு நாக்கு சொல்கிறபடி மாற்றிக்கொள்ளலாம்.

பிராய்லர் மட்டும் கிடைத்த இரவில் இக்குழம்பு வேண்டாம். அதற்கு ஏற்றது நம் சீமையின் உப்புக்கறி முறை. நல்லெண்ணெயில் கிள்ளிய வரமிளகாயும் தட்டிய பூண்டும் நிறையச் சின்ன வெங்காயமும் வதக்கி, சிறு துண்டுகளாக வெட்டிய கோழியை உப்பும் மஞ்சளும் மட்டும் சேர்த்து, நீர் ஊற்றாமல் மூடி வேகவைத்து, இறுதியில் மூடியைத் திறந்து சுருளச் செய்வது. மல்லியும் தேங்காயும் சோம்பும் இதில் கிடையா. அரைமணிக்குள் முடிந்துவிடும். பள்ளிபாளையத்தார் ஏறக்குறைய இதே முறையில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிச் சேர்க்கிறார்கள், அதுவும் நன்றே.

இரவில் கறி உண்பதைப்பற்றிப் பெரியவர்கள் ஆட்சேபிப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பழைய வழக்கப்படி கறிச்சாப்பாடு நண்பகலில்தான். இரவில் பலகாரமே, அதாவது இட்லியோ தோசையோ இடியாப்பமோ. அதற்குத் தொட்டுக்கொள்ளப் பகல் குழம்பின் மிச்சம் சுண்டிக் காத்திருக்கும். வேலைக்குப் போகும் உங்களுக்கு நண்பகல் வீட்டில் இல்லை. ஆகையால் கறி இரவுக்கு நகர்ந்துவிட்டது. அப்படியானால் சோற்றைக் குவித்து அதன்மேல் குழம்பைக் கொட்டும் பகல் முறையையும் சேர்த்து இரவுக்கு நகர்த்தாதீர்கள். இடியாப்பம் நான்கு, குழம்பு இரண்டு கரண்டி, கறி மூன்று துண்டு. எட்டு மணிக்குள் முடியட்டும். இவ்வளவு குறைத்தால் ஒரு கோழி இரண்டு இரவுக்கு வரும் என்பது வீட்டுக் கணக்கு. கழுத்தும் முதுகெலும்பும் இறக்கை நுனியும் வைத்து மிளகு சீரகம் தட்டிப்போட்ட ரசம் ஒன்று முன்னால் வந்துவிட்டால், பின்னால் அதிகம் உண்ணத் தோன்றாது.

வாத்தைப்பற்றி இங்கே சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் பக்கத்தில் அதைச் சமைக்கத் தெரிந்தவர்கள் சிலரே. நம் சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாயும் ஊருணியும் நிறைவது மழையின் கருணையைப் பொறுத்தது. நெல் விளையும் மாவட்டங்களில்தான், அறுவடை முடிந்த வயல்களில் ஆயிரக்கணக்கான வாத்துகளை மேய்த்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போகும் குடும்பங்களைப் பார்க்கலாம். சிந்திய நெல்லும் நத்தையும் புழுவுமே அவற்றுக்கு இரை. முட்டையே அவர்களுக்கு வருவாய். ஆரணி வட்டாரத்து நாட்டு வாத்துகளில் கீரி, சன்யாசி என்று இரு வகை சொல்வார்கள். கேரளத்துக் குட்டநாட்டில் சாரா, செம்பல்லி என்பன உண்டு. இவற்றில் கறிக்கு வருபவை பெரும்பாலும் முட்டையிட்டு ஓய்ந்த பெட்டையும், முட்டைக்குப் பயன்படாத ஆணும். ஆண்வாத்தை வாலில் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும் இறகாலும், கரகரத்த தாழ்ந்த குரலாலும் அறியலாம்; உரக்கக் கத்துவது பெட்டைதான். ஆணின் கறி சற்று மிருது என்பது என் அனுபவம்.

வாத்தைக் கோழிக்குப் பதிலாள் என்று எண்ணுவதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. கோழிக்குழம்பு வைக்கும் அதே முறையில் வாத்தைப் போட்டுவிட்டு, 'கவிச்சி அடிக்கிறது, எண்ணெய் மிதக்கிறது, கறி வேகவில்லை' என்று மூன்று புகார்களோடு அடுத்த வாரம் கோழிக்கே திரும்பிவிடுகிறார்கள். இம்மூன்றுக்கும் காரணம் அப்பறவையின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. நீரில் வாழ்வதால் குளிர் தாக்காதபடி தோலுக்கடியில் கனத்த கொழுப்பு. இறகு நனையாதபடி வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. பறந்து பறந்து கண்டம் கடந்த காட்டு வாத்தின் வழிவந்தது ஆகையால், கோழிக்கு வெளுத்திருக்கும் நெஞ்சுத்தசை இதற்குச் சிவந்தே இருக்கும். இந்த மூன்றையும் அறிந்தவர்க்கு அம்மூன்று புகார்களுமே இல்லை.

ஆகவே முதலில் வாலடிச் சுரப்பியை முழுவதும் வெட்டி எறியுங்கள்; கடைக்காரர் மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம். கவிச்சியில் பெரும்பங்கு அங்கேயே இருக்கிறது. இறகு கோழியைப்போல் ஒரே வெந்நீரில் வராது. எண்ணெய்ப் பிசுக்கு நீரை ஏற்காமையால் கொதிநீரில் அழுத்திப் பிடித்து, மீண்டும் மீண்டும் முக்கி எடுக்க வேண்டும். முள்ளிறகு மிஞ்சினால் தீயில் வாட்டுங்கள். துண்டு போட்டபின் உப்பும் மஞ்சளும் தட்டிய இஞ்சியும் பிசறி ஓரிரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். இஞ்சியும் பூண்டும் மிளகும் கோழிக்குப் போடுவதைப்போல் இருமடங்கு இருக்கட்டும்.

அடுப்பில் கனத்த சட்டியை வைத்து, எண்ணெய் ஒரு சொட்டும் விடாமல், தோல் உள்ள துண்டுகளைத் தோல்பக்கம் கீழாக அடுக்கி, இளந்தீயில் இருபது நிமிஷம் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் கொழுப்பெல்லாம் உருகி வெளியே வரும், தோல் பொன்னிறமாகும். அந்த நெய்யை வடித்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து, இரண்டு மூன்று கரண்டியை மட்டும் சட்டியில் விட்டு அதிலேயே தாளியுங்கள். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ. கல்பாசியும் மராட்டி மொக்கும் இங்கு வேண்டுவதில்லை. அன்னாசிப்பூ மட்டும் தயங்காமல் இரண்டாகப் போடுங்கள். சீனத்தின் தென்பகுதியும் வியட்நாமின் வடகோடியும் அந்த மரத்தின் தாயகம். அங்குள்ளவர்கள் வாத்தையும் அன்னாசிப்பூவையும் பிரித்துச் சமைப்பது அரிது. சைகோனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நம் முன்னோர் சீனர் தெருவைக் கடக்கும்போது அந்த மணத்தை முகர்ந்திருப்பார்கள். விரதத்துக்கு அஞ்சி முகர்ந்ததோடு நின்றிருந்தால் அதையும் மெச்சத்தான் வேண்டும்.

வெங்காயம் வதங்கியதும், தக்காளிக்கு மாறாக நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து விடுங்கள்; குட்டநாட்டார் இந்த இடத்தில் காடியைச் சேர்த்து, இறுதியில் தேங்காய்ப்பால் விடுவார்கள். கொழுப்பு மிகுந்த கறிக்குப் புளிப்பு அவசியம். புளிப்பு இல்லாவிடின் இரண்டு துண்டுக்குமேல் நாக்கு சலித்துவிடும். அரைக்கும் மசாலையில் மல்லி, மிளகு, சீரகம், ஆறு மிளகாய். தேங்காயும் கசகசாவும் சேர்த்தால் திகட்டும், விட்டுவிடுங்கள். பிறகு நீர் ஊற்றி மூடினால், ஓய்ந்த வாத்துக்கு இரண்டு மணி நேரம்கூடப் போதாமல் போகலாம். குக்கராயின் ஏழெட்டு விசில் கேட்டபின் திறந்து பாருங்கள். எலும்பிலிருந்து தசை தானே விலக வேண்டும். கத்தியால் குத்திப் பார்த்து 'வெந்துவிட்டது' என்று திருப்தியடைவது வாத்து விஷயத்தில் வீண். வேலைநாள் மாலையில் ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குக்கூட உண்ண முடியாது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கணவன்மார்களே, இந்தப் பக்குவத்தில் உங்களுக்கு உரிய பங்கு கறி வாங்கிவருவதோடு முடிவதில்லை. இறகும் முள்ளும் பார்ப்பது, சுரப்பி வெட்டுவது, சின்ன வெங்காயம் உரிப்பது, இருபது நிமிஷம் சட்டியருகே நின்று நெய் இறங்குவதைப் பார்த்திருப்பது ஆகிய யாவும் பொறுமையைத் தவிர வேறு பாண்டித்தியம் வேண்டாத வேலைகள். ஒருவர் மசாலை வறுக்க, மற்றவர் இவற்றைக் கவனித்தால், இரண்டு மணி நேர வேலை ஒரு மணிக்குச் சுருங்கும்.

வடித்து வைத்த வாத்து நெய்யை வீணாக்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வெண்ணெய்போல் உறைந்து பல நாள் கெடாதிருக்கும்; உருளைக்கிழங்கு வறுவலுக்கு அதைப்போல் ஒன்று கிடையாது. ஆனால் அந்த நெய்க் கிண்ணத்தையும் வறுவலையும் விரத நாளில் கைமறந்து எடுத்துவிடாதபடி தனியே குறித்து வையுங்கள்; வீட்டில் வயதான அப்பத்தாவோ ஆயாவோ இருந்தால் இதன் பின்விளைவை நான் விவரிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு விஷயம். வாத்துக்கறி சமைத்த அன்றைக்கு ஒரு சுவை, மறுநாள் இரவுக்கு இன்னொரு சுவை, மறுநாளையதே மேல். இரவெல்லாம் குளிர்பதனப் பெட்டியில் கிடந்தால், மேலே படிந்து உறைந்த கொழுப்பைக் கரண்டியால் எளிதாக எடுத்துவிடலாம். புளியும் மிளகும் கறிக்குள் முழுவதும் இறங்கியிருக்கும். மீண்டும் நன்றாகக் கொதிக்கவைத்துச் சற்றே சுண்டவிட்டால் ஆப்பத்துக்கும் தோசைக்கும் அதற்கு மிஞ்சியது இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு பெருஞ்சௌகரியம். முதல்நாள் இரவு சாவகாசமாகச் சமைத்துவிட்டு மறுநாள் இரவு உண்ணலாம். ஆனால் அதற்கு இரண்டு நாளும் புலாலுக்கு இசைந்த நாட்களாக அமைய வேண்டும். ஆகையால் சந்தைக்குப் புறப்படுமுன் நாட்காட்டியைப் புரட்டுங்கள். வியாழன் இரவு வாத்து வைத்தால் மறுநாள் வெள்ளி. திங்கள் இரவு வைத்தால் மறுநாள் செவ்வாய். புதன் சமைத்து வியாழன் உண்பதும், சனி சமைத்து ஞாயிறு உண்பதும் சரியாக வரும். நடுவில் கார்த்திகையோ சஷ்டியோ அமாவாசையோ குறுக்கிட்டால் அவ்வாரம் கோழியும் உப்புக்கறியும் போதும், வாத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவையுங்கள்.

இங்ஙனம்,
குன்றக்குடிவாசி ஒருவன்